எங்கள் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடை

1

பர்மிங்காமில் நாங்கள் குடியிருக்கிற வீட்டிலிருந்து நாலு வாசல் தள்ளி ஒரு வங்காளிக் கடை இருக்கிறது. முன்பக்கம் மீனும் கீரையும் விற்பார்கள். பின்பக்கம் நாலு மேசை போட்டு டீயும் பலகாரமும் கொடுப்பார்கள். மகன் ஷாகுலும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தி ஆயிஷா காலேஜுக்குப் போய்விடுவாள். அப்புறம் அந்த வீட்டில் நானும், சுவரோரம் சூடு கொடுக்கிற இரும்புப் பெட்டியும்தான். அது டொக்கு டொக்கென்று ஏதாவது பேசும். நான் பதில் சொல்வதில்லை.

முதல் ரெண்டு வருஷம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தே கழித்தேன். மூன்றாம் வருஷம் ஒரு நாள் பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் வீட்டம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து ஒரு டீயும் ஒரு சிங்காராவும் தந்தாள். சிங்காரா என்பது சமோசாவுக்குத் தங்கச்சி மாதிரி. உள்ளே உருளைக்கிழங்கோடு வேர்க்கடலையும் கிடக்கும். அவள் அவள் பாஷையில் பேசினாள், நான் என் பாஷையில் பேசினேன். ரெண்டு பேருமே மருமகளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது மட்டும் விளங்கியது. அதிலிருந்து தினம் பதினோரு மணிக்கு அங்கே போவேன். ஷாகுலுக்கு இது தெரியாது. நான் மறைக்கவில்லை. பகலெல்லாம் என்ன செய்தீர்கள் என்று அவன் கேட்டதில்லை.

வெளிநாட்டு வாசம் என்றால் எல்லோரும் சோப்பையும் சென்ட்டையும் சொல்வார்கள். எனக்கு அது கடுகெண்ணெய் வாசம்.

நான் இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஷாகுலின் வாப்பா மவுத்தாகி அடக்கமான பிறகு, மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் கூட்டிக்கொண்டு வந்தான்.

2

என்னுடைய வீடு திருநெல்வேலிப் பேட்டையில் இருக்கிறது. என்னுடைய என்று கை தவறி எழுதவில்லை.

எங்கள் உம்மா குலசேகரன்பட்டினத்துக்காரி. அந்தக் கடற்கரைப் பக்கம் எங்கள் சனங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா வியாபாரத்துக்காகப் பேட்டைக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. என் நிக்காஹுக்கு முந்தின வருஷமே வீட்டைக் கட்டி என் பேருக்கு எழுதி வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கோபம் வந்தால், "உன் வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று எழுந்து எதிர்த்த டீக்கடைக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கடை சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் அந்தக் கடையின் படியில் கால் வைத்ததில்லை. டீ வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று செம்பை நிலையில் தட்டுவோம். ரெண்டு தட்டு என்றால் ரெண்டு டீ. அண்ணாச்சியே தெருவைத் தாண்டி வந்து, தலையைத் திருப்பிக்கொண்டு, வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார். நாற்பது வருஷம் எதிரிலேயே குடியிருந்தேன். கடைக்குப் பின்சுவர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பிறந்தது ஒரே மகன். பெண் இல்லை. அதனால் வீடு பேத்திக்கு என்று மனசில் வைத்திருந்தேன். ஒரு நாள் ஆயிஷாவிடம் சொன்னேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அங்க நான் என்ன செய்ய, வாப்புமா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

3

இந்த வருஷம் ஷாகுலே வந்து, "வாப்பா வருசப் பாத்திஹாவ ஊர்ல வச்சு ஓதிருவோம் உம்மா" என்றான். போன வருஷம் அவர் மவுத்தான அந்த நாளே அவனுக்கு நினைவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் இங்கே தங்குகிற அட்டையைப் புதுப்பிக்க ஒரு ஆபீசுக்குக் கூட்டிப்போனான். விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள் ஒரு பெண். மெஷின் ஏற்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவினேன். மறுபடியும் ஏற்கவில்லை. வீட்டுக்காரருக்கு வியாபாரம் நொடித்த பிறகு பத்து வருஷம் பீடி சுற்றிய விரல் இது. இலையும் தூளும் ரேகையைத் தின்றுவிட்டன. அந்தப் பீடியில்தான் ஷாகுல் இன்ஜினியர் ஆனான். அவன் அந்தப் பெண்ணிடம் என்னவோ இங்கிலீஷில் சொன்னான். அவள் என்னைப் பாவம்போலப் பார்த்தாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். வயசாகிவிட்டது என்று சொன்னேன் என்றான்.

நான் ஒரு முடிவோடுதான் விமானம் ஏறினேன். திரும்பி வருவதில்லை. என் வீட்டில் இருந்து, அங்கேயே மவுத்தாகி, அவர் கிடக்கிற பள்ளிவாசல் மண்ணிலேயே அடங்கிவிடுவது. யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியில் கம்பளிச் சட்டை எதையும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் இறங்கியதும் ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இறக்கினான்.

"வீடு தூசியாக் கெடக்கு உம்மா. ஆள விட்டுத் தூத்துட்டுப் போவோம்."

மறுநாள், "சாவி சாச்சா மகன்ட்ட இருக்கு. அவன் கூடங்குளம் போயிருக்கான்" என்றான்.

பாத்திஹாவையும் லாட்ஜ் அறையிலேயே ஓத வைத்தான். ஆலிம்சா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஓதினார். பெட்டி மேல் வாழைப்பழத் தட்டு. ஏசி சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று ஷாகுல் கிளம்பிப் போனான். நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி ஒரு ஆட்டோவில் ஏறினேன்.

4

வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டு நான் போட்ட பூட்டு இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் கைலி காய்ந்தது. பக்கத்து வீட்டார் காயப்போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முட்டு வலி. வெயில். எதிரே டீக்கடை. ஊரில் இருந்தவரைக்கும் அந்தப் படியில் கால் வைக்காதவள், பர்மிங்காமில் கடையில் உட்காரப் பழகியிருந்தேன். போய் உட்கார்ந்தேன்.

உள்ளே நுழைந்ததும் பர்மிங்காம் வாசம் அடித்தது.

கண்ணாடிப் பெட்டியில் உளுந்தவடையும் இல்லை, சுகியனும் இல்லை. சிங்காரா அடுக்கியிருந்தது. கடலைமாவில் முக்கிப் பொரித்த கத்தரிக்காய், உருளைக்கிழங்கு உருண்டை, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்த பொரி. சுவரில் ஒரு அட்டை. கொடியில் துணி காயப்போட்ட மாதிரித் தொங்குகிற அந்த எழுத்தை நான் தினம் பார்க்கிறவள். சட்டி முன்னால் நாற்பது நாற்பத்தைந்து வயசில் ஒரு ஆள், வங்காளி, கரண்டியோடு நின்றான்.

சுடலைமுத்து அண்ணாச்சி மகன் கணேசன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. என் முகத்துக்கு நேரே குனிந்து, செவிடரிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, சத்தமாகக் கேட்டான். எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்போம்.

"லாத்தா. நான், யாருன்னு, தெரியுதா?"

"ஏம்ல, ஒனக்கே தெரியலையா?" என்றேன்.

பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். கணேசன் சிரிக்கவில்லை. சட்டி முன்னால் நின்றவனைத் திரும்பிப் பார்த்து, "பேசுதாவ, அனாருல்" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டீ குடிக்கியளா? டீ?" கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினான்.

"எனக்குக் காது கேக்கும். ரெண்டு சீனி போடு."

"யாரு கூட்டிட்டு வந்தாவ? வழி தப்பி வந்திட்டியளா?"

"என் வீட்டுக்கு வந்தேன். பூட்டிக் கெடக்கு. அதான் இங்கன உட்காந்தேன்."

"சரி சரி. பைய இருங்க. ஷாகுலுக்கு ஒரு போனப் போட்டிருதேன்."

"நான் என்ன ஆடால, கட்டு அவுந்து வந்துட்டுன்னு ஆளனுப்புததுக்கு?"

அவன் கை போனிலேயே நின்றது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகுதான் பழைய குரல் வந்தது.

"லாத்தா, ஒங்களுக்கு நெனவு தப்பிட்டுன்னு ஷாகுல் சொன்னாவளே. நாலு வருசமா ஆள் அடையாளமே தெரியலன்னு. தெருவே வருத்தப்பட்டுச்சு. பள்ளியில துவாகூடக் கேட்டாவ."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். எனக்காக துவா கேட்டிருக்கிறார்கள். நான் அங்கே உட்கார்ந்து சிங்காரா தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"ஒம் பேரு கணேசன்" என்றேன். "எட்டு வயசுல பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு எங்க வீட்டுக் கெணத்தடியில ஒளிஞ்சிருந்த. ஒங்கப்பா தேடி வந்தப்ப, இங்கன இல்ல அண்ணாச்சின்னு பொய் சொன்னது நான். ஒளிஞ்ச எடத்துல நீ என்ன பண்ணி வச்சிருந்தன்னு இவுக முன்னால சொல்லவா?"

"போதும் லாத்தா."

"கழுவிவிட்டதும் நான்தான்."

"போதும் லாத்தா, போதும்." பெஞ்சே சிரித்தது. அவனும் சிரித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒங்கப்பா உளுந்தவடை போட்ட சட்டியில கடுகெண்ணெய ஊத்தியிருக்கியேல."

"என்ன செய்ய லாத்தா? நம்ம பிள்ளைய பூராவும் துபாயி, சென்னைன்னு போயாச்சு. வடை போட்டா சாயங்காலம் நாய்க்குத்தான். இப்ப கடை ஓடுததே இந்த இந்திக்காரனுவளாலதான்."

"அது இந்தி இல்லல. வங்காளம்."

"என்னமோ ஒண்ணு. எதிர்ல மட்டும் பதினாலு பேரு இருக்கானுவ. அவனுவளுக்காகத்தான் இந்த அனாருல வேலைக்கு வச்சு..." சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

"எதிர்லன்னா?"

கணேசன் அடுப்பைப் பார்த்தான். அனாருலுக்கு இந்த மௌனம் புரியவில்லை. கரண்டியை நீட்டி என் வீட்டைக் காட்டினான்.

"அந்த வீடுதான் அம்மா. நாங்க பதினாலு ஆளு. நாலு வருசம். நல்ல வீடு, நல்ல தண்ணி."

கடைச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு சாவி தொங்கியது. வேலைக்குப் போகிறவர்கள் சாவியைக் கடையில் மாட்டிவிட்டுப் போவார்களாம்.

பிறகு கணேசன் எல்லாவற்றையும் சொன்னான். நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டு வரிக்கு என்று சொல்லி ஷாகுல் என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினான். அது பவர் பத்திரம். அதை வைத்துத்தான் ஒரு காண்டிராக்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். இப்போது வீட்டை விற்க ஆள் பார்த்தாயிற்று. விற்பதற்கு அந்தப் பவர் செல்லாது, எழுதிக் கொடுத்தவளே நேரில் வர வேண்டும் என்று பத்திர எழுத்தர் சொல்லிவிட்டாராம்.

"நாளக்கழிச்சு ஒங்களக் கூட்டிட்டுப் போயி கைநாட்டு வைக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாவ" என்றான்.

எனக்கு அத்தனையிலும் அந்தக் கைநாட்டுதான் சுட்டது. நான் மூன்றாம் வகுப்பு படித்தவள். என் நிக்காஹ் புத்தகத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

"தெருவுக்கு நெனவு தப்பினவ, பத்திர ஆபீசுக்கு நெனவு உள்ளவ. நல்லாப் பொழைக்கான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அனாருல் ஒரு தட்டில் சிங்காரா கொண்டு வந்து வைத்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு இப்போது பாதி விளங்கியிருக்க வேண்டும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கொண்டு வந்தான். நான் பிட்டு வாயில் போட்டேன்.

"வேர்க்கடலை போடலையே."

அவன் கண்ணை விரித்தான். "அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க பாஷைக்காரி கடையில தெனம் திங்கேன்."

"கடலை போட்டா இங்க உள்ளவங்க சிலபேரு வாங்கமாட்டாங்க. அதனால விட்டேன்" என்றான். பிறகு சாவியை ஆணியிலிருந்து எடுத்து, ரெண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

போய்ப் பார்த்தேன். நான் பிள்ளை பெற்ற அறையில் பாய்கள் சுருட்டி வரிசையாகச் சாத்தியிருந்தன. குர்ஆன் வைக்கிற மாடக்குழியில் போன் சார்ஜர்கள். தரை சுத்தமாக இருந்தது. நான் இருந்த காலத்தில்கூட அவ்வளவு சுத்தம் இல்லை. அந்தப் பதினாலு பேர் மேல் கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று அறை அறையாகத் தேடினேன். கிடைக்கவில்லை. அது இன்னும் கோபமாக இருந்தது.

5

திரும்பி வந்து கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஷாகுல் வந்து சேர்ந்தான். லாட்ஜில் கேட்டு, ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டு வந்திருக்கிறான்.

வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை இது. "உம்மா, ஆம்பளைய இருக்க கடைக்குள்ள போயி உட்காந்திருக்கிய?"

வீட்டைப் பற்றி இல்லை. வாடகையைப் பற்றி இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னைத் தெருவுக்குள் விட்டாலும், பேட்டைப் பெண்பிள்ளை டீக்கடைப் படி ஏறமாட்டாள், ஏறாதவரைக்கும் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள் என்றே அவன் இருந்திருக்கிறான். அவன் நினைத்தது சரிதான். அவனே என்னை ஒன்பது வருஷம் வெளிநாட்டில் வைத்திருந்ததை மறந்துவிட்டான்.

கணேசனிடம் திரும்பி, நான் அங்கே இல்லாத மாதிரி, "சில நேரம் தெளிவாப் பேசுவாவ. கொஞ்சத்துல மறந்திருவாவ" என்றான்.

"ஷாகுல்" என்றேன். "நாளக்கழிச்சுப் பத்திர ஆபீசுக்கு வாறேன். வந்து, ஆபீசரய்யா, எனக்கு எல்லாம் மறந்துபோச்சு, இது யாரு வீடுன்னே தெரியல, எம் மவன் சொன்னதால வந்தேன்னு சொல்லுதேன். தெருவுல நீ சொன்னதத்தான் நானும் சொல்லுவேன். பத்திரம் முடியுமான்னு கேட்டுட்டு வா."

கணேசன் இருமுகிற மாதிரிச் சிரித்தான். ஷாகுல் முகம் சின்னப் பிள்ளையில் அடி வாங்குவதற்கு முந்தி இருக்குமே, அப்படி ஆயிற்று. பைய கேட்டான்.

"சரி, விக்கல. நீங்க எங்க இருக்கப் போறிய? இந்தப் பதினாலு பேருக்கு நடுவுலயா?"

நான் அனாருலைப் பார்த்தேன். அவன் சட்டியில் இருந்ததை அரித்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவர்களுக்கு ஊர் இருக்கிறது, போய்ச் சேர மூன்று நாள் ஆகும். கணேசனுக்குக் கடை இருக்காது. கணேசன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னதில் கிணற்றடியில் ஒளிந்தவன் இப்போது பால் சட்டிக்குப் பின்னால் ஒளிந்தான்.

"யாரு சொன்னாலும் காலி பண்ணாதிய" என்று அனாருலிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். என் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஷாகுல் பையில் இருந்தன.

6

பர்மிங்காமுக்கு வந்து ஒரு மாதம் வீட்டில் பேச்சு இல்லை. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சும்மா ஒரு செக்கப் என்றான் ஷாகுல். அன்று சாயங்காலம் ஆயிஷா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவளுக்குத் தமிழில் தேடித் தேடித்தான் சொல்ல வரும்.

"வாப்புமா, அது மெமரி டெஸ்ட். டாக்டர் உங்களுக்கு மெமரி இல்லன்னு எழுதினா, கோர்ட்டுல சொல்லி, வீட்டை விக்க வாப்பாவே சைன் பண்ணலாம். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அந்த வீடு அவளுக்கு வேண்டாம். ஆனாலும் வந்து சொன்னாள்.

டாக்டர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். மேசை மேல் ஒரு போன் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் குரல் தமிழில் பேசியது.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. கேக்கிறதுக்கு ஆறுதலா, அவசரப்படாமப் பதில் சொல்லுங்கோ."

இன்று என்ன கிழமை என்று கேட்டார்கள். சொன்னேன். என்ன மாதம் என்று கேட்டார்கள். இங்கிலீஷ் மாதமும் சொன்னேன், நம் பிறையும் சொன்னேன். மூன்று சாமான் பேரைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒரு மணிக்கூடு வரைந்து பத்தரை மணி காட்டச் சொன்னார்கள். வட்டம் கொஞ்சம் கோணல், முள் சரியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஷாகுல் பூட்ஸ் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"உங்கட வீட்டு விலாசம் என்ன அம்மா?"

பர்மிங்காம் விலாசம் எனக்கு நன்றாகத் தெரியும். நம்பர், தெரு, கடைசியில் வருகிற எழுத்தும் எண்ணும் எல்லாம் தெரியும். வழி தப்பினால் சொல்ல வேண்டும் என்று வந்த வருஷமே மனப்பாடம் செய்தவள். நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்பதும் தெரிந்தது. என் வாயால் அதை என் வீடு என்று ஒரு தாளில் எழுத வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"கதவு நம்பர் பதினேழு, பள்ளிவாசல் தெரு, பேட்டை, திருநெல்வேலி" என்றேன்.

போனில் இருந்தவள் அதை டாக்டரிடம் சொல்லாமல் என்னிடமே திரும்பினாள்.

"அம்மா, இப்ப இருக்கிற வீட்டைத்தான் கேக்கினம்."

"எனக்கு ஒரு வீடுதான் உண்டும்மா. நான் சொன்னத அப்படியே சொல்லு."

அவள் சொன்னாள். டாக்டர் ஷாகுலைப் பார்த்தார். ஷாகுல் இல்லை என்று தலையை ஆட்டினான். டாக்டர் குனிந்து எழுதினார். பேனா ஓடுகிறவரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள். வெளியே வரும்போது படியில் ஷாகுல் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஊரிலிருந்து வந்த பிறகு அவன் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். "பதனம் உம்மா, பைய எறங்குங்க" என்று சொல்லி, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனான்.